விசைக்கும் எழுத்துக்கும் நடுவே

(ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேசைமேல் மூன்று பொருட்கள் வைத்திருக்கிறேன். கடைசி வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியாது என்பதால் சொல்லிவிடுகிறேன். ஒன்று, உள்ளங்கை அகலத்தில் ஒரு விசைப்பலகை. வரிசைக்கு நான்காக நான்கு வரிசை, மொத்தம் பதினாறு பொத்தான். அடுத்தது, பச்சை வெளிச்சத்தில் இரண்டு வரி காட்டும் சின்ன எல்.சி.டி. திரை. வரிக்குப் பதினாறு எழுத்து. எடை மெஷினிலோ ஆய்வகக் கருவியிலோ இதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூன்றாவது, இரண்டு விரற்கடை நீளத்தில் இருபத்தெட்டுக் கால்களோடு ஒரு கறுப்புச் சில்லு. இதுதான் மைக்ரோகன்ட்ரோலர். ஏ.டி.மெகா 328பி என்று பெயர். அர்டுயினோ ஊனோ பலகையில் உட்கார்ந்திருப்பதும் இதே சில்லுதான். நிரலை வைக்க 32 கிலோபைட் இடம், ஓடும்போது கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள 2 கிலோபைட். அந்தப் பலகையில் இது நொடிக்கு 1 கோடியே 60 லட்சம் முறை துடிக்கிறது. சென்னை ரிட்சி தெருவில் மூன்றும் கிடைக்கும்.

விசையைத் தட்டினால் திரையில் எழுத்து வருகிறது. கைப்பேசி வைத்திருக்கும் எல்லோரும் நாள் முழுக்கச் செய்கிற காரியம் இது. அந்தத் தட்டலுக்கும் அந்த எழுத்துக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதைத்தான் பேச வந்திருக்கிறேன். நான் எலக்ட்ரானிக்ஸ் வாத்தியார். கதை கவிதை படிக்கிற கூட்டத்தில் இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. அந்த நடு இடத்தில்தான் ஒரு மொழி கருவிக்குள் நுழைவதும் நுழையாமல் போவதும் முடிவாகிறது.

பால் சங்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊருக்கு அடுத்த கிராமத்துப் பால் சங்கத்துக்கு ஒரு கணக்குப் பெட்டி செய்து கொடுத்தேன். உறுப்பினர் எண்ணைத் தட்டி, லிட்டரைத் தட்டினால், தொகையைப் பெருக்கிக் காட்டும். காலை ஐந்தரைக்கெல்லாம் கேனும் தூக்குவாளியுமாக வரிசை நின்றுவிடும். செயலாளர் தட்டத் தட்ட வரிசை நகரும். மூன்றாம் நாள் காலை 7ஆம் எண்காரரின் பால் 77ஆம் எண்ணில் ஏறிவிட்டது. செயலாளர் 7ஐ ஒரே ஒரு முறைதான் தட்டியிருக்கிறார். பெட்டி இரண்டு ஏழாக எடுத்துக்கொண்டது. அந்த 7ஆம் எண்காரர் இரண்டு மாட்டை வைத்துக் குடும்பம் நடத்துபவர். அவருடைய ஐந்து லிட்டர் இன்னொருவர் கணக்கில் போய் உட்கார்ந்திருந்தது. செயலாளர் பழைய நோட்டிலும் எழுதி வைத்திருந்ததால் அன்றைக்கே சரிசெய்ய முடிந்தது. தப்பு என் நிரலில் இருந்தது.

பொத்தானுக்குள் ஒரு மெல்லிய உலோகத் தகடு இருக்கிறது. அழுத்தினால் அது கீழே இருக்கும் இன்னொரு உலோகத்தைத் தொடுகிறது. விரலுக்கு அது ஒரே தொடல். ஆனால் கோலிக்குண்டைச் சிமெண்டுத் தரையில் விட்டால் எப்படித் தத்தித் தத்தி அடங்குகிறதோ, அப்படித்தான் அந்தத் தகடும் தொட்டு, விலகி, மறுபடி தொட்டு அடங்குகிறது. எல்லாம் சில மில்லிநொடிக்குள் முடிந்துவிடும். 5 மில்லிநொடி என்பது நமக்குக் கணக்கிலேயே வராத நேரம். இந்தச் சில்லுக்கு அதற்குள் 80,000 துடிப்பு ஓடிவிடுகிறது. அது ஒவ்வொரு தத்தலையும் தனித்தனித் தட்டலாக எண்ணுகிறது. நான் மேசையில் வைத்துச் சோதித்தது புதுப் பொத்தான், துள்ளல் குறைவு. பால் சங்கத்தில் ஈரக் கையும் அவசரமுமாக நூற்றுக்கணக்கான தட்டல் விழுந்தபோது உண்மை வெளிவந்தது.

மருந்து எளிது. ஒரு தட்டலைப் பார்த்ததும் நம்பிவிடக் கூடாது. 5 மில்லிநொடிக்கு ஒரு தரம் பொத்தானைப் பார்க்க வேண்டும். நான்கு தரம் தொடர்ந்து 'அழுந்தியிருக்கிறது' என்று வந்தால்தான் அது தட்டல். அதேபோல நான்கு தரம் 'விட்டுவிட்டார்' என்று வந்த பிறகுதான் அடுத்த தட்டலுக்குக் கதவு திறக்கும். 20 மில்லிநொடித் தாமதத்தை எந்த விரலும் உணராது. நிரலில் பத்துப் பன்னிரண்டு வரி. அதை எழுதியபின் 7 ஏழாகவே நின்றது. என் மாணவர்களுக்கு முதல் வகுப்பில் இதைத்தான் சொல்கிறேன், 7ஆம் எண்காரரின் ஐந்து லிட்டரையும் சேர்த்து.

பதினாறு பொத்தானுக்குப் பதினாறு கம்பி இழுத்தால் சில்லின் கால்களில் பெரும்பகுதி அதிலேயே தீர்ந்துவிடும். அதனால் நான்கு கம்பி கிடையாக, நான்கு கம்பி நெடுக்காக, தறியில் பாவும் ஊடும்போல ஓடுகின்றன. அவை குறுக்கிடும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பொத்தான். சில்லு ஒரு வரிசைக் கம்பியை மட்டும் சுழியத்துக்கு இறக்கிவிட்டு, நெடுக்குக் கம்பிகளில் எது கூடவே இறங்கியிருக்கிறது என்று பார்க்கும். பிறகு அடுத்த வரிசை. நொடிக்குப் பலநூறு முறை இப்படி வலம் வருகிறது. 'இரண்டாம் வரிசை, மூன்றாம் நெடுக்கு' என்பது மட்டும்தான் அதற்குக் கிடைக்கும் சேதி. பொத்தான்மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்பது சில்லுக்குத் தெரியாது. அந்த இடத்துக்கு 6 என்று பொருள் கொடுப்பது நிரலில் நாம் எழுதுகிற ஓர் அட்டவணை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப இதற்கே வருவேன்.

இப்போது திரை. இந்தத் திரைகளின் முதுகில் கறுப்புக் கொப்புளம்போல இருப்பது ஒரு கட்டுப்பாட்டுச் சில்லு. ஜப்பானின் ஹிட்டாச்சி 1980களில் எச்.டி.44780 என்ற பெயரில் கொண்டுவந்த சில்லின் வழி வந்தது. இன்றைக்கு வேறு வேறு கம்பெனிகள் செய்கின்றன. பேசும் மொழி மட்டும் அப்படியே இருக்கிறது. நாம் 65 என்று அனுப்பினால் அது தன் நினைவகத்தில் 65ஆம் படத்தை எடுத்து, ஐந்து புள்ளி அகலம் எட்டுப் புள்ளி உயரம் உள்ள கட்டத்தில் ஆங்கில 'ஏ' எழுத்தை வரைகிறது.

முதன்முதலாக இதை இணைக்கும் மாணவர்களுக்குப் பெரும்பாலும் எழுத்து வராது. மேல் வரியில் பதினாறு கறுப்புக் கட்டம் வரும், கீழ் வரி வெறுமையாக இருக்கும். சிலர் திரையே போய்விட்டது என்று கழற்ற ஆரம்பித்துவிடுவார்கள். அது கெட்டுப்போனதன் அடையாளமில்லை. மின்சாரம் வந்துவிட்டது, இன்னும் யாரும் என்னிடம் பேசவில்லை என்று அது சொல்கிறது. கட்டம்கூட வராமல் வெளிச்சம் மட்டும் இருந்தால் திரையின் மூன்றாவது காலில் கட்டியிருக்கும் பிரீசெட் என்ற சின்னத் திருகு மின்தடையை ஸ்க்ரூடிரைவரால் மெல்லத் திருப்ப வேண்டும். எத்தனையோ நல்ல நிரல்கள் அந்த அரைத் திருப்பு இல்லாமல் தோற்றதாக நினைக்கப்பட்டிருக்கின்றன.

திரையிடம் பேச்சைத் தொடங்கும் முறை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. எட்டுக் கம்பியில் முழு எண்ணாகவும் அனுப்பலாம், நான்கே கம்பியில் பாதி பாதியாக இரண்டு தவணையிலும் அனுப்பலாம். கம்பி மிச்சம் என்பதால் பலரும் நான்கையே எடுப்போம். மின்சாரம் வந்து 15 மில்லிநொடி காத்திருந்து, 3 என்று அனுப்பச் சொல்கிறது கையேடு. 4.1 மில்லிநொடி விட்டு மறுபடி 3. கொஞ்சம் விட்டு மூன்றாம் முறையும் 3. பிறகுதான் 2, அதாவது 'இனி நான்கு கம்பி' என்ற கட்டளை. ஒரே சொல்லை ஏன் மூன்று முறை சொல்ல வேண்டும்?

நாம் சில்லை மறுபடி தொடங்கும்போது திரை அணையாமல் பழைய நிலையிலேயே இருந்திருக்கலாம். அது எட்டுக் கம்பிப் பழக்கத்தில் இருக்கலாம். நான்கு கம்பிப் பழக்கத்தில் இருக்கலாம். அல்லது போன பேச்சில் முதல் பாதியை வாங்கிக்கொண்டு மறுபாதிக்குக் காத்துக்கொண்டிருக்கலாம். எந்த நிலையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. கடைசி நிலை என்றால் முதல் 3 அந்த அரைகுறைச் சேதியை முடித்துவிடும். அடுத்த இரண்டு மூன்றும் சேர்ந்து 'எட்டுக் கம்பிக்கு வா' என்று ஆகும். முதல் நிலையானால் மூன்றும் அதே கட்டளைதான். நடு நிலையானால் முதல் இரண்டிலேயே வந்து சேர்ந்துவிடும். எங்கே நின்றிருந்தாலும் மூன்றாவது தட்டலில் அது நமக்குத் தெரிந்த இடத்துக்கு வந்துவிடுகிறது. யோசித்து யோசித்துச் செய்த வேலை இது. எதிரே இருப்பவர் என்ன மனநிலையில் இருக்கிறார் என்று தெரியாமலே பேச்சைச் சரியாகத் தொடங்கும் வழியை யாரோ ஒரு பொறியாளர் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறார்.

பொறுமையும் வேண்டும். ஓர் எழுத்தைப் போட அதற்கு 40 மைக்ரோநொடி போதும். திரையைத் துடைக்க மட்டும் ஒன்றரை மில்லிநொடிக்குக் கொஞ்சம் கூட ஆகும், ஏறக்குறைய நாற்பது மடங்கு. துடைக்கச் சொல்லிவிட்டுக் காத்திராமல் எழுத்தை அனுப்பினால் முதல் ஒன்றிரண்டு எழுத்து காணாமல் போகும்.

பால் சங்கத்துக்குத் திரும்புகிறேன். பெட்டி சரியாக ஓட ஆரம்பித்த பிறகு ஒரு நாள் நானே அங்கே நின்றிருந்தேன். ஒரு பாட்டி தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுத் திரையை எட்டிப் பார்த்தார். மேல் வரியில் ஓர் எண், கீழ் வரியில் ஓர் எண், முன்னால் ஒற்றை ஆங்கில எழுத்து.

"தம்பி, இதுல எது பாலு, எது காசு?"

அவர் அறிவொளி இயக்கத்தில் எழுத்துக்கூட்டக் கற்றவர். பேருந்தின் ஊர்ப் பலகையைப் படிப்பார். என் பெட்டியைப் படிக்க முடியவில்லை. எட்டாண்டு இந்தத் திரைகளோடு பழகிய எனக்கு அந்தக் கேள்வி அதுவரை தோன்றவே இல்லை.

அன்றிரவே உட்கார்ந்தேன். இந்தத் திரைச் சில்லுக்குள் எழுத்துப் படங்கள் ஆலையிலேயே பொறிக்கப்பட்டுவிட்டன, மாற்ற முடியாது. ஆனால் எட்டே எட்டுக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். அதில் நாம் விரும்பியதை வரையலாம். மின்சாரம் போனால் அழிந்துவிடும், ஒவ்வொரு முறையும் நிரல்தான் திரும்ப வரைய வேண்டும். மகளுடைய கட்டம் போட்ட கணக்கு நோட்டை வாங்கி, ஐந்துக்கு எட்டாகப் பெட்டி போட்டேன். முதல் எழுத்து 'ப'. இடப்பக்கம் ஒரு தூண், வலப்பக்கம் ஒரு தூண், அடியில் ஒரு கோடு. எண்ணாகச் சொன்னால் வரிக்கு வரி 17, 17, 17, 17, 31. அடுத்தது 'ா'. அதுவும் ஒருவழியாக வந்தது. 'ல்' அடங்கவில்லை. சுழி, கொக்கி, மேலே புள்ளி, எல்லாம் ஐந்து புள்ளிக்குள் எப்படி? இரண்டு கட்டம் கொடுத்தேன். கட்டத்துக்குக் கட்டம் நடுவே சிறு சந்து உண்டு. எழுத்தின் நடுவே ஒரு கீறல் விழுந்தது. இருந்தாலும் 'பால்' என்று படிக்க முடிந்தது. நான்கு கட்டம் செலவு. 'ரூபாய்' என்பதில் 'பா' முன்பே இருக்கிறது. 'ரூ'வுக்கு இரண்டு, 'ய்'க்கு ஒன்று. ஆக ஏழு. மிச்சம் ஒரே கட்டம். 'லிட்டர்' எழுத இடமில்லை.

மறுநாள் காலை அந்தப் பாட்டி திரையில் விரலை வைத்து, "பா... ல்... பாலு" என்று படித்தார். கீழ் வரிக்கு விரல் இறங்கியது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் திரைச் சில்லின் மூல வடிவம் ஒன்றில் ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் என்ன பொறித்திருக்கிறார்கள் தெரியுமா? ஜப்பானிய கட்டகனா எழுத்து. நம் கடைகளில் கிடைக்கும் பல திரைகளில் அது இன்றும் இருக்கிறது. ஆங்கிலத்தின் பின்சாய்கோட்டை எதிர்பார்த்து 92 என்று அனுப்பினால் ஜப்பானின் யென் குறி வந்து நிற்கும். செய்தவர்களுக்கும் நம்மைப் போன்ற சிக்கல்தான். ஆயிரக்கணக்கான சித்திர எழுத்து அந்தச் சின்னக் கட்டத்தில் அடங்காது. அதனால் ஒலி எழுத்தான கட்டகனாவை எடுத்து ஒடுக்கி வைத்தார்கள். அதிலும் சில எழுத்தின் தலையோரம் இரண்டு சிறு கோடு வந்தால் ஒலிப்பு மாறும். தலைமேல் இடமில்லாததால் அந்தக் கோடுகளுக்குத் தனிக் கட்டம் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். 222ஆம் எண் அதற்கு. அழகு கொஞ்சம் குறைந்தது. ஆனால் அவர்கள் ஊர்ப் பாட்டி படிக்கலாம். தங்கள் மொழியை உள்ளே வைத்துவிட்டுத்தான் அவர்கள் உலகத்துக்கு விற்றார்கள். எனக்கு இதில் மனக்குறை கிடையாது. பெரிய பாடம் கிடைத்தது.

இனி விசைப்பலகைக்கு வருகிறேன். பதினாறு பொத்தானில் எண் தட்டலாம். எழுத்துக்குப் பெரிய பலகை வேண்டும். (பையிலிருந்து எடுத்துக் காட்டுகிறார்.) இது பழைய கணினியின் விசைப்பலகை. முனையில் ஊதா நிற வட்டச் செருகி, உள்ளே ஆறு ஊசி. 1987இல் ஐ.பி.எம். கொண்டுவந்த பி.எஸ்.2 வகை. பழைய பொருள் கடையில் சும்மா கிடக்கும். எங்களுக்கு இது பொக்கிஷம், ஏனென்றால் இரண்டே கம்பியில் பேசும். ஒன்றில் தாளம், ஒன்றில் சேதி. தாளத்தைப் போடுவது விசைப்பலகை. நம் சில்லு பின்தொடர வேண்டும். ஒவ்வொரு சேதியும் பதினோரு துண்டு: தொடக்கத் துண்டு ஒன்று, எட்டுத் துண்டில் எண், பிழை பார்க்க ஒன்று, முடிவுக்கு ஒன்று.

தாளம் போட வேண்டுமானால் விசைப்பலகைக்குள்ளும் ஒரு மூளை வேண்டுமே? இருக்கிறது. 1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் விசைப்பலகைக்குள்ளேயே இன்டெலின் 8048 என்ற மைக்ரோகன்ட்ரோலர் உட்கார்ந்து விசைகளை வலம் வந்துகொண்டிருந்தது. பால் சங்கப் பெட்டி செய்த அதே வேலை.

ஆங்கில 'ஏ' விசையைத் தட்டினால் இந்தப் பலகை என்ன அனுப்பும்? 'ஏ' என்று அனுப்பாது. 28 என்று அனுப்பும். விரலை எடுத்தால் 240, 28 என்று இரண்டு எண். இடப்பக்க 'ஷிஃப்ட்' விசையும் அதற்கு இன்னொரு விசைதான், 18. சிறிய எழுத்து பெரிய எழுத்து என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இந்த இடத்தில் ஒரு விரல் அழுத்தியது, இந்த இடத்தில் ஒரு விரல் எழுந்தது, இவ்வளவுதான் அது சொல்லும். 28க்கு 'ஏ' என்று பொருள் சொல்வது நம் அட்டவணை. அந்த அட்டவணையில் 28க்கு நேரே 'அ' என்று எழுதினால் விசைப்பலகை ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லாது.

1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பில் அந்த இடத்தில் இருப்பது 'அ'தான். உயிரெழுத்து இடக்கைப் பக்கம், மெய் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு. நம் சில்லுக்கு வந்து சேர்வது 28, 66, 66, 21. புள்ளியை யாரும் தட்டவில்லை. ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி வைக்க வேண்டும் என்பது விதி. இன எழுத்துகள் அடுத்தடுத்து வந்தாலும் அப்படியே: ந, த என்றால் 'ந்த'. தமிழில் மெய்கள் எப்படிக் கைகோக்கும் என்று தெரிந்தவர்கள் செய்த விதி. 'மமதை' என்று எழுதுகிறவர் என்ன செய்வார்? முதல் 'ம'வுக்குப் பின் 'அ'வைத் தட்டிப் பிணைப்பை அறுக்கலாம். இதையெல்லாம் நிரலாக எழுத, கடைசியாக வந்த மெய் எது, அதன்மேல் உயிர் ஏறிவிட்டதா என்று நினைவு வைத்தால் போதும். அதற்கு ஒன்றிரண்டு பைட் செலவாகும்.

'அம்மா'வை மறுபடி எண்ணிப் பாருங்கள். காதுக்கும் இலக்கணத்துக்கும் மூன்று எழுத்து. விரலுக்கு நான்கு தட்டு. யூனிகோட்டில் ஐந்து எண். யூ.டி.எஃப்.8 முறையில் சேமித்தால் 15 பைட். ஒரே சொல் நான்கு இடத்தில் நான்கு அளவாக இருக்கிறது. இந்த நான்கையும் ஒன்றோடொன்று பொருத்துகிறவர்தான் நிரலாளர். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் வேலை பார்த்த ஆர். முத்தையா 1930களில் தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தபோது இதே பொருத்தத்தை இரும்பில் செய்தார். புள்ளிக்கான விசை வண்டியை நகர்த்தாது. புள்ளியை முதலில் அடித்து, அடுத்த எழுத்து அதன்கீழ் வந்து உட்காரும். அவர் நெம்புகோலால் செய்ததை இன்றைக்கு அட்டவணையால் செய்கிறோம்.

திரைப் பக்கம் இரண்டு வரி எல்.சி.டி.யை விட்டுவிட்டு 128க்கு 64 புள்ளித் திரைக்குப் போய்விட்டேன். அதில் கட்டம் கிடையாது, புள்ளிக்குப் புள்ளி நம் விருப்பம். மொத்தத் திரையையும் நினைவில் வைக்க 1024 பைட், நம் சில்லின் 2 கிலோபைட்டில் பாதி. எழுத்து வடிவம் எத்தனை வேண்டும்? 247 என்று பயந்துவிடாதீர்கள். அகர வரிசை 18, புள்ளி வைத்தவை 18, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் நான்குக்கும் 18 வீதம் 72. உயிரும் ஆய்தமும் 13. கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி நான்கு. ஔகாரத்தின் பின்பாதிக்கு 'ள'வே போதும். ஆக 125. ஒவ்வொன்றுக்கும் 24க்கு 16 புள்ளி என்றால் 48 பைட், மொத்தம் 6000. கிரந்த எழுத்துகளையும் சேர்த்தாலும் 32 கிலோபைட்டில் தாராளமாக அடங்கும். தமிழ் இந்தச் சின்னச் சில்லுக்குப் பெரிய மொழி என்று யாராவது சொன்னால் இந்தக் கூட்டலைக் காட்டுங்கள்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 'க' தட்டினால் திரையில் 'க' வருகிறது. அடுத்து 'ஒ' தட்டினால்? கொம்பு இடப்பக்கம் வர வேண்டும். வரைந்த 'க'வை அழித்து, அந்த இடத்தில் கொம்பைப் போட்டு, 'க'வைத் தள்ளி வைத்து, பின்னால் காலைப் போட வேண்டும். திரையில் தெரிகிற எழுத்து இன்னும் முடியவில்லை என்பதை நிரல் ஒவ்வொரு தட்டலிலும் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு எழுதிய எந்த நிரல் நூலகத்திலும் இந்தக் கவலை இல்லை. இதை எழுத எனக்கு இரண்டு மாத மாலைகள் ஆயின. முதன்முதலாக 'கொ' சரியாக வந்தபோது இரவு ஒரு மணி. வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காட்டினேன்.

அந்தத் திரையும் இந்தப் பழைய விசைப்பலகையும் இணைத்த பெட்டி பின் மேசையில் ஓடிக்கொண்டிருக்கிறது. பேச்சு முடிந்ததும் வந்து உங்கள் பெயரைத் தட்டிப் பாருங்கள். விசைகளின்மேல் தமிழ் எழுத்தை ஒட்டியிருக்கிறேன். 'ழ' வலக்கை ஓரத்தில் கீழ் வரிசையில் இருக்கிறது. பெரும்பாலும் எல்லா எழுத்தும் நன்றாக வருகின்றன. 'ணூ' மட்டும் இன்னும் மனதுக்குப் பிடிக்கவில்லை; 24 புள்ளிக்குள் அதன் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பக்கத்தில் கட்டம் போட்ட தாளும் பென்சிலும் வைத்திருக்கிறேன். கோலம் போடும் கை உள்ளவர்கள் யாராவது அகலம் 24, உயரம் 16 கட்டத்துக்குள் ஒரு நல்ல 'ணூ' வரைந்து கொடுத்தால், நீங்கள் வீட்டுக்குப் போவதற்குள் சில்லில் ஏற்றிக் காட்டிவிடுகிறேன்.